ஏர் இருக்கிறது, பிரேக் இருக்கிறதா?

ஆறு சக்கர லாரியிலிருந்து டிரெய்லருக்கு மாறிய முதல் வாரம். ஓமலூர் தாண்டி சேலம் பக்கம் வந்துகொண்டிருந்தபோது பிரேக்கை இயக்கும் காற்று, அதாவது ஏர், குறைகிறது என்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்ககிரி அண்ணன் டிரெய்லரிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பாமல் சொன்னார்: "பயப்படாத தம்பி. ஏர் போனா வண்டி நிக்கும். பிரேக் போனாத்தான் நிக்காது. ரெண்டும் வேற வேற."

அன்றைக்கு ஒரு ஓரமாக நிறுத்தி, பிய்ந்த ஹோஸை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அவர் சொன்னது முழுதாகப் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. புதிதாக டிரெய்லருக்கு வரும் பையன்கள் எல்லோரும் பஸ்ஸருக்குப் பயப்படுகிறார்கள். ஏர் மீட்டரின் முள் 8 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு), அதாவது முழு ஏரில், நின்றால் நிம்மதியாக இறக்கத்தில் விடுகிறார்கள். நான் பயப்படச் சொல்வது அந்த இரண்டாவதற்கு. அதனால் இரண்டையும் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை அழுத்துகிறது. அது ஏர் டிரையர் வழியாக ஈரம் வடிந்து டேங்குகளுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் டேங்கில் உள்ள காற்று ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள சேம்பர் என்ற காற்றுக் கிண்ணத்துக்குப் போய், ஒரு தடியைத் தள்ளுகிறது. தடி ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, அது கேம் தண்டைத் திருப்ப, லைனிங் (தேயும் பிரேக் பட்டை) விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைப் பிடிக்கிறது. காலை எடுத்தால் அந்தக் காற்று வெளியே போய்விடும். லாரி நிற்கும்போது கேட்கும் 'புஸ்' அதுதான்.

ஹேண்ட் பிரேக் இதற்கு நேர் எதிர். பின் அச்சுச் சேம்பரின் பின்பாதியில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. பிரேக்கைப் பிடிப்பது அந்த ஸ்பிரிங். அதை அமுக்கி வைத்து வண்டியை ஓட விடுவதுதான் காற்றின் வேலை. காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். நம் ஆட்கள் 'ஏர் லாக்' என்பது இதைத்தான். காற்று போனால் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற யோசனை ரயிலிலிருந்து வந்தது. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முதலில் செய்த ஏர் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக்கே இருக்காது. சில வருடங்களில் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி ஆக்கினார். இன்று நம் டிரெய்லரின் சிவப்பு ஹோஸ் அறுந்தால் பின்வண்டி தானாகப் பிடிப்பதும் அதே கணக்குதான்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெடலாக இருந்தாலும் ஸ்பிரிங்காக இருந்தாலும் கடைசியில் தள்ளுவது அதே லைனிங்கை, அதே டிரம்மின் மேல். பின்னால் தொப்பூர் இறக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

காலையில் வண்டி எடுக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் டயருக்கு அண்டைக் கட்டை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். கல் வேண்டாம். உருண்டைக் கல்லின் மேல் ஏறி இறங்கிய லாரிகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல மரக்கட்டையோ ரப்பர் கட்டையோ இரண்டு எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

முதல் வேலை டேங்கைத் திறந்து தண்ணீர் வடிப்பது. அடியில் உள்ள வளையத்தை இழுத்தால் காற்றோடு சேர்ந்து ஈரம் வரும். ஏர் டிரையர் நன்றாக இருக்கும் வண்டியில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. கிளாஸ் கணக்கில் தண்ணீர் கொட்டினால் டிரையரின் ஃபில்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் கம்ப்ரசர் எண்ணெய் தள்ளுகிறது, ரிங் போயிருக்கலாம். மார்கழியில் சேர்வராயன் மலையோரம் இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியில் கொஞ்சம் கூடுதலாக வரும். இரண்டு நிமிட வேலை இது. இதைச் சோம்பிவிட்டால் வால்வுகள் உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்த வால்வு மக்கர் செய்யும் இடம் உங்கள் வீட்டு வாசலாக இருக்காது.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஏர் ஏறுவதைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 8 பார் பக்கம், அதாவது 120 பிஎஸ்ஐ அளவில், டிரையர் ஒருமுறை 'புஸ்' என்று ஊதிவிட்டு ஏறுவது நிற்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதையும் பழக்கத்தில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு டீ ஆறும் நேரத்தில் ஏறியது இன்று இரண்டு டீ நேரம் எடுத்தால் ஏதோ ஒழுகுகிறது, இல்லையென்றால் கம்ப்ரசர் சோர்ந்துவிட்டது.

ஏர் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள். அண்டைக் கட்டை இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். முள் கொஞ்சம் இறங்கி நிலைக்கட்டும். அங்கிருந்து ஒரு நிமிடம் முள்ளையே பாருங்கள். பிறகு பெடலை முழுதாக மிதித்துப் பிடித்து இன்னொரு நிமிடம். அமெரிக்காவில் டிரெய்லர் உரிமத் தேர்வில் இதையே செய்யச் சொல்கிறார்கள். மிதிக்காமல் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, மிதித்துப் பிடித்தால் 4 பிஎஸ்ஐ, அதற்கு மேல் இறங்கினால் வண்டியை எடுக்கக்கூடாது. நம் பார் மீட்டரில் அது 0.2, 0.3 அளவுதான். கண்ணுக்குத் தெரியும்படி முள் இறங்கினாலே கீழே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பஸ்ஸர். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து ஏரை இறக்குங்கள். முள் 4 பாருக்கு வரும் முன்பே விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் எங்கேயோ வயர் கழன்றிருக்கிறது, அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. ஆமாம், கழற்றுகிறார்கள். காலையில் ஏர் ஏறும்வரை கத்துவது எரிச்சலாக இருக்கிறதாம். நான் வேலைக்குச் சேர்ந்த ஒரு வண்டியில் பஸ்ஸர் வயரை வெட்டி இன்சுலேஷன் டேப்பே சுற்றி வைத்திருந்தார்கள். அவ்வளவு அக்கறையாக! வேறொருவர் வண்டியை வாங்கி ஓட்டும் முதல் நாளில் இதைச் சோதிக்காமல் படியில் கால் வைக்காதீர்கள்.

தடி எவ்வளவு வெளியே வருகிறது

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. லைனிங் தேயத் தேய, டிரம்மைத் தொட சேம்பர் தடி கூடுதலாக வெளியே வர வேண்டும். தடிக்கு ஓர் எல்லை உண்டு. அது முட்டிக்கொண்டால் காற்று எவ்வளவு இருந்தும் பயனில்லை.

பார்ப்பது எளிது. அண்டைக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சேம்பர் வாயை ஒட்டித் தடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எஞ்சின் நின்றிருக்க, மீட்டரில் 6 முதல் 7 பார் இருக்கும்போது கிளீனரைப் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலில் பாருங்கள். பெரிய வண்டிகளில் பரவலாக உள்ள 30 எண் சேம்பரின் சாதாரண வகைக்கு 2 அங்குலம் எல்லை. 24 எண்ணுக்கு 1¾ அங்குலம். சேம்பரின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இருந்தாலும் தப்பு. பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு அது ஒரு காரணம்.

லைனிங் தேய்ந்த இடைவெளியைச் சரிசெய்வது ஸ்லாக் அட்ஜஸ்டரில்தான். பழைய வகை என்றால் போல்ட்டைத் திருப்பி டைட் வைக்கலாம். ஆனால் கற்றவரிடம் ஒருமுறை கூட நின்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் வகையில் கை வைக்காதீர்கள். தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டியது சரிசெய்துகொள்ளவில்லை என்றால் அதுவோ, கேம் புஷ்ஷோ, வேறெதுவோ கெட்டிருக்கிறது. ஸ்பேனரால் இறுக்கிவிட்டால் அன்றைக்கு நன்றாக இருக்கும், பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். இறுக்கிய ஆளுக்கு மட்டும் தான் சரிசெய்துவிட்டோம் என்ற நினைப்பு இருக்கும்.

ஒழுகும் இடத்தைக் காதால் பிடிப்பது

எஞ்சினை நிறுத்தி, பக்கத்தில் பாட்டு ஓடினால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பெடலை மிதித்தால் மட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் பெடலோடு சேர்ந்த கால் வால்வு, சேம்பருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, பின்வண்டிக்குப் போகும் மஞ்சள் ஹோஸ், இந்தப் பக்கம் தேடுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் சத்தம் வந்து, போட்டதும் நிற்கிறதா? ஸ்பிரிங் பக்கத்து டயாஃப்ரம் அல்லது அதற்குப் போகும் குழாய். எதைச் செய்தாலும் விடாமல் சீறுகிறதா? டேங்க், டிரையர், குழாய் இணைப்பு. இந்த மூன்று கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்கு ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து இணைப்புகளில் தடவினால் குமிழ் எங்கே என்று காட்டும். சோப்பைவிட ஷாம்பு நல்ல நுரை. சட்டைப் பையிலும் இடம் பிடிக்காது.

சிவப்பு, மஞ்சள்

முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே இரண்டு ஹோஸ். சிவப்பு எப்போதும் காற்று நிறைந்தது, பின்வண்டி டேங்கை நிரப்புவது. மஞ்சளில் பெடலை மிதிக்கும்போது மட்டும் காற்று போகும். சிவப்பு வெடித்தால் உடனே தெரியும், பின்வண்டி பிடித்து இழுக்கும். மஞ்சள் வெடித்தால் நீங்கள் பிரேக் அடிக்கும்வரை எதுவுமே தெரியாது. அடித்தவுடன் முதுகுக்குப் பின்னால் காற்று பீச்சும், பின்வண்டி பிடிக்காமல் முன்வண்டியைத் தள்ளும். அதனால் வண்டி மாட்டும்போது மஞ்சளை இரண்டு முறை பாருங்கள். வளைவில் திரும்பும்போது ஹோஸ் எங்கே உரசுகிறது என்று தேய்ந்த இடமே காட்டிக்கொடுக்கும். இணைப்பு வாயின் ரப்பர் வாஷர் இரண்டு கூடுதலாக டப்பாவில் கிடக்கட்டும்.

மாட்டி முடித்து ஏர் ஏறியதும், ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே முதல் கியரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வண்டி அசையக்கூடாது. பிறகு எடுத்துவிட்டு, நடை வேகத்தில் ஒரு முறை பெடலை மிதித்துப் பாருங்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். பழைய டிரெய்லர்கள் சிலவற்றில் பின்வண்டிச் சக்கரங்களில் ஸ்பிரிங் பிரேக்கே கிடையாது. சிவப்பு ஹோஸைக் கழற்றினால் பின்வண்டி தன் டேங்கில் இருக்கும் காற்றைக்கொண்டு பிரேக்கைப் பிடிக்கும். பார்க்க ஸ்பிரிங் பிடித்ததுபோலவே உறுதியாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று ராத்திரியெல்லாம் மெல்லக் கசியும். கசிந்து முடிந்தால் பிரேக் விட்டுவிடும். சீலநாயக்கன்பட்டி பக்கம் ஒரு லாரி நிறுத்தத்தில், சாயங்காலம் கல்லுப்போல நின்ற பின்வண்டி ஒன்று, விடியற்காலையில் நாலடி நகர்ந்து பக்கத்து வண்டியின் பம்பரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். இடையில் யாரும் படுத்திருக்கவில்லை. லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுக்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கழற்றிய பின்வண்டி எதுவானாலும் அண்டைக் கட்டை கொடுக்காமல் விட்டுப் போகாதீர்கள்.

ஓடும்போது பஸ்ஸர் கத்தினால்

1. பெடலைக் குத்திக் குத்தி மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் காற்று வெளியே போகிறது. இருப்பதே கொஞ்சம்.

2. ஆக்சிலரேட்டரை விட்டு, நான்கு பக்க விளக்கையும் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை (எஞ்சின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இயக்குங்கள். கியரைக் கீழே கொண்டுவாருங்கள்.

3. இடது ஓரத்தில் இடம் பார்த்து, பெடலை ஒரே சீராக மிதித்து நிறுத்துங்கள். 'அடுத்த டோல்கேட் வரை போய்விடலாம்' என்ற கணக்கு வேண்டாம். முள் இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் தானாகப் பிடிக்கும், நீங்கள் விரும்பும் இடத்தில் பிடிக்காது. வைகுந்தம் பக்கம் நடு லேனில் ஏர் லாக் ஆகி நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பின்னால் கோவைக்குப் போகும் பேருந்து வந்துகொண்டிருக்கும்.

4. நின்றதும் ஹேண்ட் பிரேக், அண்டைக் கட்டை, பின்னால் நன்றாகத் தள்ளி முக்கோணம். அதன்பிறகுதான் அடியில் குனிவது.

மீட்டரில் இரண்டு முள் இருக்கும், அல்லது இரண்டு மீட்டர். பிரேக் இரண்டு தனிச் சுற்றாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் விழுந்தால் மற்றதில் பாதி பிரேக் இருக்கும். அது ஓரங்கட்டி நிறுத்துவதற்காகக் கொடுக்கப்பட்டது. ஊர் போய்ச் சேர்வதற்கு இல்லை. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் இந்த அவசரம் தேவையில்லை. சாதாரண பிரேக் இருக்கும், பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. ஈரச் சாலையில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம்.

தொப்பூர் இறக்கம்

இனி அண்ணன் சொன்ன இரண்டாவது வகை. மீட்டர் முள் 8 பாரில் நிற்கும், பஸ்ஸர் கத்தாது, பெடல் காலுக்குக் கீழே திடமாகவே இருக்கும். வண்டி மட்டும் நிற்காது.

பெங்களூரிலிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தருமபுரி தாண்டி வந்தால், பாளையம் டோல்கேட்டுக்குப் பிறகு தொப்பூரில் சேலம் நோக்கிச் சாலை இறங்குகிறது. அகலமான நல்ல ரோடு என்பதால் இறக்கம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வண்டிக்குத் தெரியும். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று அங்கே தேங்கி நின்ற வண்டிகள்மேல் மோதி 4 பேர் செத்தார்கள். அங்கே உள்ள இரட்டைப் பாலத்தைக் கடக்கும்போது இன்றும் என் கால் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தானாகத் தேடும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளிப்படும் சக்தி, சுமார் 130 லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அவ்வளவு சூட்டையும் எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் டிரம்தான் வாங்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையில் டிரெய்லருக்கு வேலை இல்லை, 20 கொண்டை ஊசி வளைவில் அது திரும்பாது. ஆனால் 16 டன் ஆறு சக்கர லாரி ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு 1,200 மீட்டர் அளவு இறங்கும்போது, அதே கணக்கில் 600 லிட்டருக்கு மேல் கொதிக்க வேண்டும். அங்கே லோடு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் தொப்பூரில் தப்பு செய்வது குறைவு. மலை சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

டிரம் சூடானால் மூன்று கெடுதல் ஒன்றாக வருகிறது. லைனிங்கின் பிடிமானம் குறைகிறது. டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகிப் போகிறது. விலகியதைத் தொடத் தடி இன்னும் வெளியே வர வேண்டியிருக்கிறது. காலையில் கோடு போட்டுப் பார்த்தோமே, அந்தத் தடி ஏற்கெனவே எல்லையில் நின்றிருந்தால், சூட்டில் முட்டிக்கொள்ளும். பிறகு பெடலும் ஒன்றுதான், ஹேண்ட் பிரேக்கும் ஒன்றுதான். ஸ்பிரிங் தள்ளுவதும் அதே தடியைத்தான்.

அதனால் இறக்கத்தின் வேலை இறக்கத்துக்கு முன்பே தொடங்குகிறது. டோல்கேட்டில் நின்ற கையோடு ஓரங்கட்டி ஒரு சுற்று வாருங்கள். சக்கரங்களிடம் மூக்கைக் கொண்டுபோனாலே எது சூடு என்று தெரியும், தொட வேண்டியதில்லை. கீழ் கியரை அங்கேயே போட்டுவிடுங்கள். 'ஏறுகிற கியரிலேயே இறங்கு' என்பது பழைய ஆட்கள் வாக்கு. அந்தக் கால எஞ்சினுக்கு அது சரி. இப்போதைய எஞ்சின்கள் சக்தி கூடியவை, பெரிய கியரிலேயே ஏறிவிடும். அதே கியரில் இறங்கினால் எஞ்சின் பிடிமானம் போதாது. ஒரு கியர் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பிடிக்கட்டும். அதையும் மீறி வேகம் ஏறும்போது மட்டும் பெடல். பலகையில் போட்டிருக்கும் வேகத்துக்குள் உங்களுக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள், 30 என்று வைப்போம். முள் 30-ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து, மூன்று விநாடி போல, 22-க்குக் கொண்டுவந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். திரும்ப 30 வந்ததும் மறுபடி. எடுத்துவிடும் அந்த இடைவெளியில்தான் டிரம் மூச்சு விடுகிறது. இறங்கும் நேரம் முழுக்க லேசாகக் காலை வைத்தபடியே வருவது பதமாக ஓட்டுவதுபோலத் தெரியும், அதுதான் டிரம்மை வேகவைக்கும்.

நியூட்ரல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினையே நிறுத்துகிறவர்களும் உண்டு. நியூட்ரலில் எஞ்சின் பிடிமானம் போச்சு, எக்ஸாஸ்ட் பிரேக்கும் போச்சு. எஞ்சினை நிறுத்தினால் கம்ப்ரசர் நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். மிச்சப்படுத்திய டீசல் ஒரு டீ காசுக்கு வருமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லைனிங் கருகும் வாசனையை முதல்முறை முகர்ந்தவர் மறக்கமாட்டார், ரப்பரும் தகரமும் சேர்ந்து எரிவதுபோல இருக்கும். அந்த வாசனை வந்தாலோ, கண்ணாடியில் சக்கரத்தருகே புகை தெரிந்தாலோ, முன்பைவிடப் பெடலை ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தாலோ, அந்த நொடியே நிறுத்தப் பாருங்கள். கொஞ்சம் பிரேக் இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் அதுவும் இருக்காது.

ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால்

ஹார்னை விடாமல் அடித்து, விளக்கையெல்லாம் போட்டு, மற்றவர்களை விலகச் செய்யுங்கள். கியரில் இருந்தால் கியரிலேயே இருங்கள். வேகம் ஏறிய பிறகு கீழ் கியருக்கு மாற்றப் போனால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள், திரும்ப எந்தக் கியரும் விழாது. லீவர் வகை ஹேண்ட் பிரேக் என்றால் படிப்படியாக இழுங்கள். ஏர் போனதால் வந்த கோளாறு என்றால் அது கைகொடுக்கும். சூட்டால் வந்தது என்றால் கொஞ்சம்தான் கொடுக்கும், இருந்தாலும் இழுங்கள். ஏற்றமான கிளைச்சாலை, மண்மேடு, ஓரத்துப் புதர், எது கிடைத்தாலும் அதில் விடுங்கள். எதுவும் இல்லையென்றால் மலைப்பக்கத்துச் சரிவோடு, இல்லை தடுப்போடு, உரசியபடி போங்கள். பள்ளத்தின் பக்கம் வேண்டாம். முன்னே நிற்கும் வண்டிகள் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். பாடி போகும், லோடு போகும், முதலாளி கத்துவார். கத்தட்டும். குதித்துவிடலாம் என்ற நினைப்பு வரும். ஸ்டீயரிங்கை விட்ட வண்டி யார்மேல் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

நின்ற பிறகு

சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும். சமதளமாக இருந்தால் அண்டைக் கட்டை கொடுத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு ஆறவிடலாம். சரிவில் நின்றிருந்தால் எடுக்க வேண்டாம். அரை மணி நேரமாவது ஆறட்டும். டயரில் புகை வந்தால் தள்ளி நில்லுங்கள், சூட்டில் டயர் வெடிக்கும். நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, அடிபட்டிருந்தால் 108.

ஏர் லாக் ஆகி நிற்கும் வண்டியை நகர்த்த, ஸ்பிரிங்கை போல்ட் போட்டுச் சுருட்டிக் கட்டுவார்கள். தெரிந்த மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் அண்டைக் கட்டை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைக் கட்டிய சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் கிடையாது. அந்த வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும், லோடோடு ஓட்டிப் போகக் கூடாது. சேம்பரின் நடுவளையத்தை யாரும், எந்தக் காரணத்துக்காகவும், ரோட்டோரம் பிரிக்க விடாதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் மூடியோடு சேர்ந்து பாய்ந்தால் எதிரே இருப்பவர் பிழைப்பது கடினம்.

பட்டறைக்குப் போன் செய்யும்போது 'பிரேக் பிடிக்கல' என்று மட்டும் சொன்னால் அவர் எல்லா சாமானையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. முள் எவ்வளவில் நிற்கிறது, எஞ்சினை உறும விட்டால் ஏறுகிறதா, சத்தம் பெடல் மிதித்தாலா, ஹேண்ட் பிரேக் எடுத்தாலா, சும்மாவேயா, எந்தச் சக்கரம் சூடு, சேம்பரில் என்ன எண், மாட்டியிருக்கும் அட்ஜஸ்டர் பழையதா ஆட்டோமேட்டிக்கா. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ கிளம்பும் மெக்கானிக் சரியான டயாஃப்ரத்தோடு ஒரே நடையில் வந்துவிடுவார்.